கூடவே வந்த மலை

ஜெனிஷா போன் செய்தபோது நான் கொட்டாரம் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நான் ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகியிருந்தது. அலுவலகத்திலிருந்து யாராவது கூப்பிட்டால் ஏதோ ஒரு கடவுச்சொல் தொலைந்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கு விஷயம் வேறு.

“அக்கா, நம்ம பழைய புகார் நோட்டையெல்லாம் புது சாஃப்ட்வேர்ல ஏத்திட்டு இருக்கோம். எல்லாத்துக்கும் அடியில ஒரு கையெழுத்து இருக்கு. ஒண்ணுல மட்டும் இல்ல. துறைமுகம் கேம்ல உள்ளது. பதினோரு வருசமாட்டு தொறந்தே கெடக்கு. மூடிரட்டா?”

“மூடாத.”

“ஏன்க்கா? அந்த கேமையே இப்ப யாரும் ஓட்டல்லியே.”

சந்தையில் நின்று சொல்லக்கூடிய காரணமாக அது இல்லை. எழுதித் தருகிறேன் என்றேன். புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளும் என் வேலைக்காலத்தைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இரண்டுக்கும் சேர்த்து இது.

படித்த காலத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கணிதத்தில் முதுகலை. இரண்டு வருடம் ஒரு டுட்டோரியலில் பாடம் எடுத்தேன், நாலு வருடம் ஒரு பொறியாளரின் அலுவலகத்தில் வீட்டு வரைபடம் வரைந்தேன். நிரல் எழுதுவதைப் புத்தகம் பார்த்துத்தான் கற்றேன், பாதி தப்பாக. அதன்பிறகு ஷாகுல் சாரிடம் சேர்ந்து இருபத்துநாலு வருடம் அங்கேயே இருந்தேன்.

ஷாகுல் சார் கோட்டாறுக்காரர். வளைகுடாவில் வரைபடப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்து, நாலு கம்ப்யூட்டரோடு கம்பெனி தொடங்கினார். கோட்டாறு கடைவீதியில் ஒரு வற்றல் மிளகாய் மண்டிக்கு மேல் மாடி. படியேறி வருகிறவர்கள் எல்லாரும் தும்மிக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். வளைகுடாவில் இருந்துகொண்டு ஊரில் வீடு கட்டுகிறவர்களுக்கு, கட்டப்போகும் வீட்டைக் கம்ப்யூட்டரில் முப்பரிமாணமாக எழுப்பி, வாசல் வழியாக நடந்துபோய்ப் பார்க்கிற மாதிரி செய்து கொடுப்பதுதான் எங்கள் முதல் தொழில்.

இப்போது பிள்ளைகள் கடலை இழுத்துப் போட்டால் கடல் வருகிறது, மரத்தை இழுத்துப் போட்டால் மரம் காற்றில் ஆடுகிறது. அன்றைக்கு எல்லாவற்றையும் முக்கோணங்களால் நாங்களே கட்ட வேண்டும். சுவர் என்றால் இரண்டு முக்கோணம், படகு என்றால் சில நூறு. ஒவ்வொரு முக்கோணத்துக்கும் மூன்று மூலை, ஒவ்வொரு மூலைக்கும் மூன்று எண். பார்க்கிறவர் ஓர் அடி நகர்ந்தால் அத்தனை எண்களையும் திரும்பக் கணக்கிட்டுத் திரையில் வரைய வேண்டும். அந்தக் காலம் போய்விட்டதே என்று எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. கையால் எழுதியதில் மிஞ்சியது முதுகுவலிதான்.

சேர்ந்த மூன்றாம் மாதம் குளச்சலிலிருந்து ஒரு தம்பதி தங்கள் வீட்டைப் பார்க்க வந்தார்கள். திரையில் வீடு வந்தது. அந்த அம்மா சற்று நேரம் பார்த்துவிட்டு, “வீடு நல்லாத்தான் இருக்கு. ஆனா ரோட்டுல நின்னா எனக்க அடுக்களை தெரியுதே” என்றார். முன்சுவரைக் காணோம். முக்கோணத்தின் மூன்று மூலைகளையும் வெளியிலிருந்து பார்க்கும்போது இடஞ்சுழியாக எழுத வேண்டும். வலஞ்சுழியாக எழுதினால், அது சுவரின் முதுகுப்பக்கம் என்று நினைத்துக் கம்ப்யூட்டர் வரையாமல் விட்டுவிடும். நான் அப்படி எழுதியிருந்தேன்.

அன்றைக்குத்தான் புகார் நோட்டு எனக்கு அறிமுகமானது. நீள நோட்டு, ஒரு பக்கத்துக்கு ஒரு புகார். முதல் மூன்று வரிகளைப் புகார் சொல்கிறவர் எழுத வேண்டும்: என்ன கண்டார், என்ன எதிர்பார்த்தார், அது எப்படிச் செய்தால் மறுபடி வரும். நாலாவது வரி, நிரல் எழுதினவர் கண்டுபிடித்தது. கடைசியில், பிழை தீர்ந்தது என்று கையெழுத்து. அந்தக் கையெழுத்தைப் புகார் சொன்னவர் மட்டுமே போடலாம். நாங்கள் போடக்கூடாது, ஷாகுல் சாரும் போடக்கூடாது. அவர் வைத்த சட்டம், அவரே ஒருநாளும் மீறியதில்லை.

அவர் யாரையும் திட்டியதில்லை. நாம் எழுதிய நாலாவது வரியைக் காட்டி, “வாசிங்க” என்பார். வாய்விட்டு வாசிக்க வேண்டும். வாசித்து முடித்ததும் மறுபடியும், “வாசிங்க.” காணாமல்போன சுவருக்கு நான் ‘கம்ப்யூட்டரின் கோளாறாக இருக்கலாம்’ என்று எழுதியிருந்தேன். நாலாவது தடவை வாசிக்கும்போது ‘இருக்கலாம்’ என்ற சொல் எனக்கே நாறியது. அடித்துவிட்டு, ‘மூலைகளை நான் தலைகீழாக எழுதினேன்’ என்று எழுதினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு டீ சொல்லப் போனார். திட்டு வாங்கியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

துறைமுகம் கேம் வந்தது அதற்கு வெகுநாள் கழித்து. மேற்குக் கடற்கரையில் ஒரு தனியார் பயிற்சி மையம் இருந்தது. வளைகுடாவில் மீன்பிடிப் படகு ஓட்ட இங்கிருந்து ஆள் எடுத்து அனுப்புவார்கள். வருகிறவர்களைக் கடலுக்குக் கூட்டிப்போய்ச் சோதிக்க அவர்களுக்கு வசதிப்படவில்லை. ஒரு திரை, ஒரு சுக்கான், வேகத்துக்கு ஒரு நெம்புகோல். ஆடிமாதக் கடல். படகைக் கல்லில் மோதாமல் துறைமுக வாய்க்குள் கொண்டுவர வேண்டும். ஆளுக்கு இரண்டு வாய்ப்பு. ஒப்பந்தத்தில் ‘பயிற்சிக் கருவி’ என்று எழுதியிருந்தார்கள். நாங்கள் கேம் என்றுதான் சொன்னோம்.

அவர்கள் காட்டிய துறைமுகத்தையே அளந்து எழுதினோம். கடல் அலைக்கு சைன் சூத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். இரண்டு பக்கமும் கல்சுவர், இடப்பக்கச் சுவரின் நுனியில் தண்ணீருக்குள் சரிந்து கிடக்கும் கற்கள், நுனிகளில் சிவப்பும் பச்சையுமாக விளக்குகள், கரையில் மாதா கோயில் கோபுரம். இவ்வளவுக்கும் முக்கோணம் போட்டதிலேயே அவர்களுடைய பழைய கம்ப்யூட்டர் மூச்சு வாங்கியது. ஊருக்குப் பின்னால் இருக்கும் மலைக்கும் வானத்துக்கும் போட அதற்குத் தெம்பில்லை.

அதற்கு எல்லாரும் செய்கிற வழி ஒன்று உண்டு. வானம், மேகம், மலை எல்லாவற்றையும் படம் பிடித்து ஒரு பெட்டியின் உள்பக்கத்தில் ஒட்டிவிடுவது. பார்க்கிறவர் பெட்டிக்கு நடுவில் இருப்பார். அவர் நகர்ந்தால் பெட்டியும் கூடவே நகரும். சுற்றிலும் பெரிய உலகம் இருப்பதுபோலத் தோன்றும், கம்ப்யூட்டருக்கும் பாரமில்லை. மீன் ஏலக்கூடத்து வாசலில் குடையோடு நின்று அந்தப் படங்களை எடுத்தது நான்தான்.

கேமைக் கொடுப்பதற்கு முன்னால் ஷாகுல் சார் திரையைக் காட்டி, “இந்த மலை எதுக்கு?” என்று கேட்டார்.

“அலங்காரத்துக்கு சார்” என்றேன். அவரும் விட்டுவிட்டார்.

மையம் ஆள் எடுக்கத் தொடங்கி மூன்று வாரம் இருக்கும். ஒருவர் தும்மிக்கொண்டே படியேறி வந்தார். நாற்பது வயதுக்குள் இருப்பார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பெயர் மரியதாஸ். இருபது வருடமாகப் படகு ஓட்டுகிறவர். அவர் ஓட்டிக்கொண்டிருந்த படகை முதலாளி விற்றுவிட்டார். வளைகுடா வேலையை நம்பி மையத்துக்குப் போயிருக்கிறார். இரண்டு வாய்ப்பிலும் கல்லில் மோதிவிட்டார். மாதக் கடைசியில் பட்டியலை மூடிவிடுவார்களாம். இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னார்.

“மேடம், நீங்களா அந்த கேம் எழுதின ஆளு?”

“ஆமா.”

“அதுல மலை செரியில்ல.”

“மலை என்ன செய்யுது?”

“நான் பறஞ்சா நீங்க விசுவாசிக்க மாட்டிய. ஒருக்கா ஓட்டிப் பாருங்க.”

நோட்டை நீட்டினேன். நிதானமாக, எழுத்தெழுத்தாக எழுதினார். கண்டது: மலை நம்ம கூடவே வருது. எதிர்பார்த்தது: மலை நிக்கணும். மறுபடி வர: எப்ப ஓட்டினாலும் வரும்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்கு அதுதான் தோன்றியது, மறைக்க விரும்பவில்லை. இரண்டு தடவை தோற்றவர் எதையாவது குறை சொல்லத்தானே செய்வார்? அவருக்கு எதிரிலேயே கேமை ஒரு தடவை ஓட்டினேன். வாய்க்குள் சுத்தமாகப் போய் நின்றது படகு. நாலாவது வரியை எழுதினேன்: ‘சோதித்தேன். பிழை இல்லை. மலை அலங்காரத்துக்கு மட்டும்.’ அவர் வாசித்தார். என் முகத்தைப் பார்த்தார். “நான் பெறவு வாறேன்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அவர் சொன்னதை நம்பி நான் ஒன்றும் தேடத் தொடங்கவில்லை. அவர் சொன்னது தப்பு என்று காட்டவே தேடினேன். கேமில் யார் எங்கே மோதினாலும் அந்த இடம் பதிவாகும். வாரக் கடைசியில் பதிவுகள் மையத்திலிருந்து எங்களுக்கு வந்துவிடும். மரியதாஸ் மோதிய இரண்டு இடங்களையும் ஒரு வரைபடத்தில் குறித்தேன். இரண்டும் ஒரே இடம், இடப்பக்கச் சுவரடியில் சரிந்து கிடக்கும் கற்கள். சரி, மற்றவர்கள் எங்கே மோதினார்கள் என்று எல்லாரையும் குறித்தேன். தோற்றவர்கள் மொத்தம் எட்டுப் பேர். எட்டுப் பேரும் ஒரு படகு நீளத்துக்குள் அதே கல்லில் மோதியிருந்தார்கள்.

ஓட்டத் தெரியாதவர்கள் ஆளுக்கோர் இடத்தில் மோதுவார்கள். எட்டுப் பேர் ஒரே கல்லில் மோத வேண்டுமானால் எட்டுப் பேரும் ஒன்றையே பார்த்து ஓட்டியிருக்க வேண்டும். அது என்ன என்று எனக்குத் தெரியவில்லை. பதிவுகளோடு வந்த விண்ணப்பங்களில் ஜெயித்தவர்களுடையதை எடுத்துப் பார்த்தேன். பாதிப் பேர் கடலுக்குப் போய் இரண்டு மூன்று வருடம்கூட ஆகாதவர்கள். தோற்ற எட்டுப் பேரில் பத்து வருடத்துக்குக் குறைந்து யாரும் இல்லை.

திங்கட்கிழமை காலை கொட்டாரத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். ஜன்னலோரம். மருந்துவாழ்மலை வழக்கம்போலத் தெரிந்தது. சாலையோரத்தில் ஒரு செல்போன் கோபுரம். பஸ் போகப் போக அந்தக் கோபுரம் மலையின் ஒரு சரிவில் தொடங்கி, உச்சியைத் தாண்டி, மறு சரிவுக்குப் போனது. எத்தனையோ வருடமாகத் தினமும் பார்ப்பதுதான். என் கேமில் இது நடக்க வேண்டிய இடத்தில் நடக்காது என்று அப்போதுதான் உறைத்தது. அதில் மலை எங்கேயும் நிற்கவில்லை. படகோடு கூடவே போய்க்கொண்டிருந்தது. அவர் எழுதியது அப்படியே உண்மை.

அலுவலகம் வந்ததும் மரியதாஸைப் போனில் கூப்பிட்டேன். வாய்க்குள் நுழையும்போது எதைப் பார்த்து ஓட்டுவீர்கள் என்று கேட்டேன்.

“கோயில் கோபுரமும் மலை உச்சியும் ஒண்ணுக்குப் பொறத்த ஒண்ணு நிக்கணும் மேடம். அப்பம் வாய்க்கு நேரே நிக்கோம்னு அர்த்தம். கணிச்சம்னு பறைவோம். எங்க ஊருல எல்லாவனும் அப்படித்தான் கேறுவான்.”

“நொனியில வெளக்கு இருக்கே?”

“வெளக்கு இண்ணைக்கு எரியும், நாளைக்கு எரியாது. மலை அணையுமா?”

நான் படம் எடுத்தது ஏலக்கூடத்து வாசலில். அங்கே நிற்கிறவருக்கு மட்டும்தான் மலை அந்தத் திசையில் இருக்கும். கடலிலிருந்து வருகிறவர் கோபுரத்துக்கு நேர் பின்னால் அந்த மலையைக் கொண்டுவந்தால், படகு போய் நிற்கும் இடம் அந்தச் சரிந்த கற்கள்தான். கடல் தெரியாதவர்கள் விளக்கைப் பார்த்து, என்னைப்போலவே, சுத்தமாக உள்ளே போய்விட்டார்கள். தெரிந்தவர்களை நான் கல்லில் கொண்டுபோய் மோதவிட்டிருந்தேன். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எட்டுக் குடும்பத்தின் பிழைப்பு என்று நினைத்தபோது பயமாகவும் இருந்தது.

ஷாகுல் சாரிடம் சொன்னேன். முழுவதும் கேட்டார். நோட்டைத் திறந்து என் பக்கம் தள்ளினார்.

“வாசிங்க.”

“சோதித்தேன். பிழை இல்லை. மலை அலங்காரத்துக்கு மட்டும்.”

“வாசிங்க.”

மூன்றாவது தடவை முதல் சொல்லிலேயே விரலைத் தூக்கினார். “எப்படி சோதிச்சிய?”

“ஓட்டிப் பாத்தேன் சார்.”

“எதப் பாத்து ஓட்டினிய?”

“வெளக்கப் பாத்து.”

நோட்டை மூடிவிட்டார். மையத்துக்கு நான் எழுதிக் கொடுத்த கடிதம் ‘ஒரு சிறு பிழை நேர்ந்துவிட்டது’ என்று தொடங்கியது. ‘சிறு’ என்பதை அடித்தார். பிறகு அந்த வாக்கியத்தையே அடித்துவிட்டு, ‘பிழை எங்களுடையது’ என்று தன் கையால் எழுதினார்.

திருத்த நாலு நாள் ஆனது. நில வரைபடத்திலிருந்து மலையின் உயரக் கோடுகளை எடுத்து, முந்நூறு முக்கோணத்தில் மலையைக் கட்டி, அது உண்மையில் நிற்கும் இடத்தில் நிறுத்தினேன். கைக்கெட்டும் தூரத்துக் கயிற்றையும் பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மலையையும் ஒரே அளவுகோலில் வைத்தால் அந்தக் கம்ப்யூட்டருக்குத் தூரக் கணக்கு குழம்பும், மலை மினுக்கும். அதனால் முதலில் மலையை மட்டும் வரைந்து, தூரக் கணக்கை அழித்துவிட்டு, அதன்மேல் கோயில், கல், படகு என்று மற்றதையெல்லாம் வரையச் செய்தேன். மலை எப்போதும் எல்லாவற்றுக்கும் பின்னால்தானே இருக்கப்போகிறது.

மையத்துக்காரர் கடிதத்தைப் படித்துவிட்டு, ஓர் இடம்தான் பாக்கி என்றார். புகார் கொடுத்தவரை மட்டும் மறுபடி சோதிக்கலாமாம். மற்ற ஏழு பேர்? “அவங்க யாரும் புகார் சொல்லலியே.” ஷாகுல் சார் போனில் பேசினார், நேரிலும் போனார். நடக்கவில்லை. கடைசியில் அந்த மையத்தின் வேலையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

மரியதாஸின் சோதனைக்கு நான் போயிருந்தேன். அவர் அலையைப் பார்க்கவே இல்லை. முகத்தை நிமிர்த்திக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மலை உச்சி மெல்ல நகர்ந்து கோபுரத்துக்குப் பின்னால் வந்தது. சுக்கானைக் கொஞ்சம் ஒடித்தார். படகு உள்ளே வந்துவிட்டது. ஆள் எழுந்திருக்கவில்லை. திரும்பி வெளியே போய், மேற்கே சுற்றி, இன்னொரு தடவை உள்ளே கொண்டுவந்தார். “இப்ப நிக்கு” என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

மறுநாள் கையெழுத்துப் போட அலுவலகத்துக்கு வந்தார். நோட்டில் அந்தப் பக்கத்தில் எட்டுப் பேரும் மோதிய இடங்களைக் குறித்த வரைபடத்தை ஒட்டியிருந்தேன், பெயர்களோடு. பேனாவைத் திறந்தவர் அதைப் பார்த்தார்.

“இதுல மூணு பேரு எங்க ஊரு. இந்தச் சூசை எனக்க மச்சினன். இவனுவளுக்கு என்ன?”

“எடம் நெறஞ்சு போச்சுண்ணு சொல்லுகாங்க.”

பேனாவை மூடினார். “அப்ப இது மூடல்ல மேடம்.”

“நீங்க வேலைக்குப் போவியளா?”

“போவேன். ரெண்டு பிள்ளைய இருக்கு, போகாம பின்ன? ஆனா ஒப்பு போட மாட்டேன்.”

போனார். இரண்டு வருடம் கழித்து விடுமுறையில் வந்தபோது பேரீச்சம்பழத்தோடு மாடி ஏறினார். நோட்டை எடுத்துக் காட்டினேன். அவனுவள கூப்ட்டாவளா என்று கேட்டார். இல்லை என்றேன்.

“சூசை அதுக்குப் பெறவு சுக்கான் பிடிக்கல்ல மேடம். இப்பம் வேற ஆளுக்க படகுல வலை வலிக்கப் போறான். கண்ணு போச்சுண்ணு நெனச்சிட்டான். கணிச்சம் தப்பிப் போச்சாம்.”

“கேம்லதான் தப்புண்ணு நீங்க சொல்லல்லியா?”

“பறஞ்சேன். நான் ஜெயிச்சவன்லா? ஆறுதலுக்குப் பறையுகேன்னு நெனைக்கான். எழுதின ஆளு பறயணும்.”

வருகிறேன் என்றேன். போகவில்லை. முதலில் வேலை மும்முரம், பிறகு அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பிறகு இவ்வளவு நாள் கழித்து எந்த முகத்தோடு போவது என்ற கூச்சம். காரணம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஷாகுல் சாராக இருந்தால் எழுதி வாசிக்கச் சொல்லியிருப்பார். அவர் கம்பெனியை மகனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தார். வாசிக்கச் சொல்ல ஆளில்லை.

இவ்வளவையும் எழுதி ஜெனிஷாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசித்துவிட்டு கீபோர்டை இழுத்தாள். “அப்ப தொறந்தே கெடக்குன்னு போடுகேன். பொறுப்புங்கிற எடத்துல யாரு பேரு?”

“எனக்க பேரு.”

“வேலைய விட்டுப் போனவங்க பேரை இது எடுக்காதுக்கா.”

“எடுக்கிற மாதிரி மாத்து மக்கா. நீயும் நிரல் எழுதுகவ தானே.”

நோட்டை வாங்கிக்கொண்டு, அடுத்த நாள் மேற்கே பஸ் ஏறினேன். சூசையின் வீட்டைக் கண்டுபிடிப்பதில் சிரமம் இல்லை. முன்வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். நான் யார் என்று சொன்னேன். வரைபடத்தை விரித்து, எட்டுப் பேர் மோதிய ஒரே கல்லைக் காட்டினேன். “ஒங்க கண்ணு சரியாத்தான் இருந்து. கணிச்சமும் தப்பல்ல. நான் போட்ட மலைதான் தப்பு” என்றேன்.

அவர் வரைபடத்தின்மேல் குனிந்தார். தன் பெயரின்மேல் விரலை வைத்தார்.

“இது ஒங்களுக்கு எப்பம் தெரியும்?”

“அப்பவே தெரியும். பதினோரு வருசமாச்சு.”

“எங்க இருந்து வாறிய?”

“கொட்டாரம்.”

“பஸ்ஸுல எத்தன மணிக்கூறு?”

“ரெண்டு மணி நேரம்” என்றேன்.